சாஃப்ட்னர் மாட்டியதும் ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் போர் தண்ணீர் ஓடும் பல வீடுகளில் குழாய் வாயெல்லாம் உப்புக் கறை. அதற்காக, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் மெஷினை வாங்கி மாட்டுவோம். அடுத்த வாரமே தண்ணீர் வேகம் போய்விட்டது என்று புலம்பல் ஆரம்பம். உடனே மெஷின் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். பழைய வீட்டின் ஓட்டுக் கூரையில் தொட்டி வைக்க வழியில்லை. பின்கட்டில் தளம் போட்ட அறைக்கு மேல் நிற்கிறது. அங்கிருந்து ஷவர் வரைக்கும் 3 மீட்டர் இறக்கம்கூடக் கிடையாது. 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்களுக்கு இருந்தது 0.3 பார். கறை உண்டாக்கும் உப்புகளைப் பிடித்துவைக்கும் பொடிப்பொடி ரெசின் மணிகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்து வர, முழு ஓட்டத்தில் சாஃப்ட்னருக்கு மட்டுமே அரை பார், சிலதில் 1 பார்கூடத் தேவை. முப்பது காசை வைத்துக்கொண்டு ஒரு ரூபாய் டிக்கெட் கேட்ட கதைதான்!

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? குழாயை மூடிவைத்து கேஜைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஓடும்போதுதான் அழுத்தம் குறையும். ஒரு வாளி போதும். தண்ணீரைச் சாஃப்ட்னருக்குள் விடாமல் நேராக அனுப்பும் பைபாஸ் வால்வைத் திருப்பி வாளி நிறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் சாஃப்ட்னர் வழியாகவும் நிரப்பிப் பாருங்கள். இரண்டிலும் மந்தமென்றால் மெஷின் மேல் பழி போடாதீர்கள். இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் வீட்டில், முக்கால் அங்குலக் குழாயும் அதிலுள்ள எல்போக்களுமே பாதி வேகத்தைக் குடித்துவிடும்.

முதலில் நன்றாக வந்து போகப்போகக் குறைந்தால் விஷயம் வேறு. முன்னால் உள்ள ஃபில்டரில் செம்மண் கலங்கல் அடைத்திருக்கும், அல்லது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி ரெசினைக் கழுவும் பேக்வாஷ் சரியாக நடந்திருக்காது. ரெசினைப் புதுப்பிக்க உப்பு போட்டுவைக்கும் உப்புத் தொட்டியில் உப்பு குறையவே இல்லையா? மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம். அழுத்தம் போதாததால் மெஷின் உப்புத் தண்ணீரை உறிஞ்சவில்லை என்று சந்தேகப்படுங்கள். அப்படியே விட்டால் குழாயில் மறுபடி கறை பிடிக்கும்.

கடைசியில் நாங்கள் ப்ரஷர் பம்ப் வாங்கினோம். அதைச் சாஃப்ட்னருக்குப் பின்னால் வைக்கப் பார்த்தார் பிளம்பர். அது ஆபத்து: பம்ப் உறிஞ்சினால் ரெசின் இருக்கும் ஃபைபர் சிலிண்டர் உள்வாங்கி நசுங்கிப்போகலாம். தொட்டிக்கும் சாஃப்ட்னருக்கும் நடுவில் மாற்றி வைக்கச் சொன்னேன்.