சம்பளம் நின்றாலும் ஜைரோ நிற்காது: வேலை இல்லாத மாதங்களுக்கு வீட்டுக் கணக்கு

வேலை போனதும் பலரும் முதலில் கைவைப்பது கோப்பியிலும் வெளிச்சாப்பாட்டிலும்தான். அதில் மிச்சமாவது மாதம் ஐம்பது, அறுபது வெள்ளி. அதே மாதம் வங்கிக் கணக்கிலிருந்து நம்மைக் கேட்காமலேயே ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். சிங்கப்பூரில் பெரிய செலவெல்லாம் ஜைரோவில்தான், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறையில்தான் நடக்கிறது. அதனால் கணக்கை அங்கிருந்து தொடங்குவோம்.

1. வர வேண்டியதை வாங்குங்கள்

நிறுவனமே வேலையை விட்டு நீக்கினால், கடைசிச் சம்பளம் கடைசி நாளிலோ அதற்கடுத்த 3 வேலை நாள்களுக்குள்ளோ வர வேண்டும். எடுக்காத ஆண்டு விடுப்புக்கும் பணம் உண்டா என்று கேளுங்கள். ஆட்குறைப்பு என்றால், 2 ஆண்டாவது வேலை பார்த்தவர் இழப்பீடு கேட்கலாம். தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தர வேண்டும். பொதுவான வழக்கம், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை. வேலை இழப்புக்காகத் தரும் இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது, மசேநிக்கும் (மத்திய சேம நிதி, சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) பிடிக்க மாட்டார்கள். முழுசாகக் கைக்கு வருவதால் நிறைய இருப்பதுபோல் தெரியும். ஜைரோ எதுவும் கழியாத வேறொரு கணக்கில் போட்டுவையுங்கள்.

2. ஜைரோ பட்டியல் எழுதுங்கள்

மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்து, தானாகக் கழிந்த ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதுங்கள். பயனீட்டுக் கட்டணம், நகர மன்றக் கட்டணம், கைப்பேசி, காப்புறுதி, பிள்ளையின் துணைப்பாட வகுப்பு, யாரும் பார்க்காத ஏதோ ஒரு படச் சந்தா என்று வரிசையாக வரும்.

இதில் வருமான வரி தனி ரகம். இந்த ஆண்டு கட்டுவது போன ஆண்டு வருமானத்துக்கான வரி. வேலை இல்லை என்பதற்காக அது குறையாது. ஜைரோவில் 12 மாதத் தவணையாக வட்டியில்லாமல் கட்டலாம். அதுவும் முடியாவிட்டால் வரி ஆணையத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

3. இரண்டு கணக்குப் போடுங்கள்

ஒரு கணக்கு எல்லாரும் போடுவது. வீட்டின் குறைந்தபட்ச மாதச் செலவு 2,900 வெள்ளி, மனைவியின் சம்பளம் 1,700 என்று வைத்துக்கொள்வோம். குறைவது 1,200. கையிருப்பு 12,000 என்றால் 10 மாதம் தாங்கும்.

இன்னொன்றைப் பலரும் போடுவதில்லை. வீட்டுக் கடன் தவணை மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து போகிறதா? வேலை நின்றதும் அந்தக் கணக்குக்குள் புதுப் பணம் வருவதும் நின்றுவிடும். தவணை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இருப்பு 6,600, அதிலிருந்து போகும் தவணை 1,100 என்றால் 6 மாதம்தான். ஏழாவது மாதம் தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டும். அப்போது மாதக் குறை 1,200 அல்ல, 2,300. முதல் 6 மாதத்தில் 7,200 போயிருக்கும். மீதி 4,800 அதன்பின் இரண்டு மாதத்தைத்தான் தாண்டும். ஆக, 10 மாதம் என்று நினைத்தது 8 ஆகிவிட்டது.

4. தவணை தவறுவதற்கு முன் பேசுங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன் என்றால் வீவக கிளை, வங்கிக் கடன் என்றால் அந்த வங்கி. நிலுவை சேர்வதற்கு முன் போனால்தான் தவணையைக் குறைப்பது, தள்ளிவைப்பது பற்றிப் பேச இடமிருக்கும். நிறுவனத்தின் குழுக் காப்புறுதி வேலையோடு போய்விடும். அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் சந்தா, மசேநியில் மருத்துவத்துக்கான மெடிசேவ் கணக்கிலிருந்து போவதால் அந்தக் காப்பு தொடரும். சொந்தக் காப்புறுதியைச் சட்டென்று ரத்து செய்யாதீர்கள், முகவரிடம் என்ன வழி என்று கேளுங்கள்.

ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அங்கேயும் பேச வேண்டும். "அம்மா, கொஞ்ச நாளைக்குப் பாதிதான் அனுப்ப முடியும்" என்று சொல்வது வங்கி அதிகாரியிடம் பேசுவதைவிடக் கஷ்டம். ஆனாலும் கடன் வாங்கி அனுப்புவதற்கு இது மேல்.

5. உதவிக்கு விண்ணப்பியுங்கள்

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. தானாக வேலையை விட்டவர்களுக்கு இல்லை. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கக் கூடாது. முந்தைய 12 மாதத்தில் 6 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு. முதல் மாதம் 1,500 வரை, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதமும் 750 என மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். சும்மா தர மாட்டார்கள். விண்ணப்பம் அனுப்புவது, பயிற்சிக்குப் போவது என்று வேலை தேடியதற்கு மாதாமாதம் புள்ளி சேர்க்க வேண்டும். தொகை இறங்கிக்கொண்டே போவதால் மூன்றாம் படிக் கணக்கில் 1,500-ஐ எல்லா மாதத்துக்கும் எழுதிவிடாதீர்கள்.

அதிலும் சமாளிக்க முடியாவிட்டால் பக்கத்துச் சமூக சேவை அலுவலகத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் காம்கேர் உதவி கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டண உதவிக்குப் பள்ளி அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். இந்தியச் சமூகத்தின் சுய உதவி அமைப்பான சிண்டாவையும் அணுகலாம்.

6. அடுப்படி

இதற்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேக்கா சந்தையில் எப்போது எது மலிவு என்று வீட்டிலேயே தெரிந்திருக்கும். ஒன்றே ஒன்று: குடும்பங்களுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கான பாதியை நொறுக்குத்தீனிக்குச் செலவழிக்காமல் அரிசி, எண்ணெய், பருப்புக்கு ஒதுக்குங்கள்.

7. கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தால் மீதிக்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி ஏறும். உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வாங்கலாம். வாட்ஸ்அப்பில் கடன் தருகிறோம் என்று வருகிறவர்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

நகை இருந்தால் அடகுக்கடை இவற்றைவிடப் பரவாயில்லை. வட்டி அதிகபட்சம் மாதத்துக்கு 1.5 விழுக்காடு, மீட்கும் காலம் 6 மாதம். கடை எவ்வளவு தர முன்வந்தாலும் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். சீட்டைப் படம் பிடித்து, முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகக் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். மீட்கப் பணம் புரளாவிட்டால் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கலாமா என்று அதே கடையில் கேட்டுக்கொள்ளலாம்.