இளம் விங்கரின் பயணத்தைக் கணக்கு நோட்டோடு பின்தொடர்வது எப்படி

இங்கிலாந்துக் கால்பந்தில் சீசனுக்கு ஒரு பதினெட்டு வயது விங்கரின், அதாவது களத்தின் ஓரமாக ஆடித் தாக்கும் ஆட்டக்காரரின், பெயராவது அடிபடும். நான்கு ஆட்டம் நன்றாக ஆடினால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஐந்தாவதில் சறுக்கினால் ‘அவ்வளவுதான் இவன்’ என்று கீழே போட்டுவிடுவார்கள். இரண்டுமே அந்தப் பையனுக்குச் செய்கிற அநியாயம். கோல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதால்தான் இப்படி ஆகிறது. எத்தனை நிமிடம் ஆடினார், எந்த இடத்தில் ஆடினார், அப்போது என்ன வயது என்ற மூன்றையும் கோலுக்கு முன்னால் எழுதிப் பழகினால் வேறு படம் கிடைக்கும். அதற்கு ஒரு நோட்டும் வாரம் அரைமணி நேரமும் போதும். எடுத்துக்காட்டாக லண்டன் கிளப்பான ஆர்சனலின் புக்காயோ சாக்காவை வைத்துக்கொள்வோம். அவருடைய பாதை தொடக்கத்திலிருந்தே பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது.

முதல் பக்கத்தில் பிறந்த தேதியை எழுதுங்கள். மாதமும் நாளும் இல்லாமல் வருடம் மட்டும் எழுதிப் பயனில்லை. இங்கிலாந்துக் கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் அகாடமிகளில் வயதுப் பிரிவு பள்ளி ஆண்டை ஒட்டி செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை போகிறது. சாக்கா பிறந்தது 2001 செப்டம்பர் 5. அதனால் தன் பிரிவில் மூத்த பையன்களில் ஒருவராக வளர்ந்தார். ஒரு வாரம் முன்னால் பிறந்திருந்தால் மேல் பிரிவில் கடைக்குட்டியாக இருந்திருப்பார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் வேகத்திலும் பெரிய இடைவெளி. ஜூலை, ஆகஸ்டில் பிறந்த விங்கர் 16 வயது அணியில் பின்தங்கித் தெரிந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர் அங்கே எல்லாரையும் ஓடி முந்தினால், பெரியவர்கள் ஆட்டத்திலும் அதே வேகம் எடுபடுகிறதா என்று பார்த்த பிறகு பாராட்டுங்கள்.

அதன் கீழே படிகளைக் குறியுங்கள். அகாடமியில் முறையாகப் பதிவு செய்வது 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து. பதினாறில் ஸ்காலர்ஷிப் கிடைக்கும், அது வழக்கமாக இரண்டு ஆண்டு. தொழில்முறை ஒப்பந்தம் போடப் பதினேழு ஆக வேண்டும். அதிகம் பேர் வெளியேறுவது இந்தப் பதினாறிலும் பதினெட்டிலும்தான். சாக்கா ஆர்சனலின் ஹேல் எண்ட் அகாடமியில் வளர்ந்தவர். 2018 நவம்பர் 29 அன்று யூரோப்பா லீகில் வோர்ஸ்க்லா பொல்தாவாவுக்கு எதிராக முதல் அணிக்கு இறங்கியபோது வயது 17. 2019 ஜனவரி 1 அன்று ஃபுல்ஹாமுக்கு எதிராக ஆடி, 2001இல் பிறந்தவர்களில் பிரீமியர் லீகில் ஆடிய முதல் ஆள் ஆனார். இந்தத் தேதிகளைத் தனியாக ஓரமாக வையுங்கள். அறிமுக ஆட்டம் ஒரு கதவு திறந்ததைக் காட்டும். ஆள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாரா என்பது அடுத்த 900 நிமிடத்தில், அதாவது முழுசாகப் பத்து ஆட்டத்தில்தான் தெரியும்.

இனி ஆட்டக் கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி போதும்: தேதி, போட்டி, எதிரணி, ஆடிய நிமிடம், தொடக்கத்திலிருந்தா பெஞ்சிலிருந்தா, ஆடிய இடம், பெனால்டி அல்லாத கோல், அசிஸ்ட் (கோலுக்குக் கொடுத்த கடைசிப் பாஸ்). நிமிடங்களை ட்ரான்ஸ்ஃபர்மார்க்ட் போன்ற தளங்களில் போட்டிவாரியாக எடுக்கலாம். அங்கே போடும் சந்தை மதிப்பு வெறும் மதிப்பீடு, விற்ற விலை அல்ல. அதை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

மாதம் ஒருமுறை 90 நிமிடச் சராசரி போடுங்கள். மொத்த நிமிடத்தை 90ஆல் வகுத்து, கிடைப்பதால் கோலை வகுக்க வேண்டும். 1,350 நிமிடத்தில் 4 கோல் என்றால் 1,350 ÷ 90 = 15; 4 ÷ 15 = 0.27. இதில் வழக்கமாக மூன்று தவறு நடக்கும்.

முதலாவது, குறைந்த நிமிடத்தை நம்புவது. பதினைந்து ஆட்டத்தில் இருபது இருபது நிமிடம் இறங்கி 2 கோல் போட்டவரின் சராசரி 0.6 என்று வரும். உலகத்தரமான எண் மாதிரி தெரியும். உண்மையில் அது 300 நிமிடம், அதுவும் எதிரணி ஃபுல்பேக் (ஓரத்தில் விங்கரைத் தடுப்பவர்) களைத்துப்போன நேரம். 900 நிமிடத்துக்குக் கீழே எந்தச் சராசரியையும் பென்சிலில் எழுதுங்கள். ஆர்சனலின் இன்னொரு விங்கர் ரீஸ் நெல்சன் 2018-19இல் ஹோஃபன்ஹைமுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, போய் ஜெர்மன் லீகான புண்டஸ்லீகாவில் 7 கோல் போட்டார். பல ஆட்டங்களில் அவர் பெஞ்சிலிருந்து இறங்கியவர். அந்த ஏழு கோலை மட்டும் பார்த்தவர்கள், திரும்பி வந்ததும் ஆர்சனலில் நிரந்தர இடம் பிடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை.

இரண்டாவது, பெனால்டியைச் சேர்த்து எண்ணுவது. சாக்காவுக்கு 2023-24 லீகில் 16 கோல், அதில் 6 பெனால்டி. விங்கராக அவர் போட்டது 10. பெனால்டி அடிப்பதும் திறமைதான், ஆனால் அது வேறு திறமை. பெனால்டி அடிக்கும் ஒருவரையும் அடிக்காத ஒருவரையும் மொத்த எண்ணில் ஒப்பிட்டால் கணக்கு கோணிவிடும். டைபிரேக்கரில், அதாவது சமனான ஆட்டத்தின் முடிவில் மாறி மாறி அடிக்கும் பெனால்டிகளில், அடிப்பதை இந்த நோட்டில் சேர்க்கவே வேண்டாம். 2021 ஜூலை 11 அன்று யூரோ இறுதியில் இத்தாலிக்கு எதிராக சாக்கா அடித்ததை கோல்கீப்பர் டொன்னரும்மா தடுத்தபோது சாக்காவுக்கு வயது 19. அதற்காக இனவெறி வசவுகளை வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு உதையிலிருந்து அவருடைய ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது. 2024 யூரோவில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக டைபிரேக்கரில் அவரே கோல் போட்டார். அதையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். அந்த ஆட்டத்தின் 80ஆவது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி இடக்காலால் அடித்துச் சமன் செய்த கோலைத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது, ஆடிய இடத்தை எழுதாமல் விடுவது. இதுதான் பெரிய தவறு. சாக்காவின் லீக் கோல்களை 2019-20 முதல் 2024-25 வரை வரிசையாகப் போட்டால் 1, 5, 11, 14, 16, 6. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் முனை மழுங்கிய விங்கர் என்று தோன்றும். அந்த சீசனில் ஆர்சனலின் இடது ஃபுல்பேக்குகளான டியர்னியும் கொலாசினாச்சும் காயத்தில் இருந்ததால், பாதி நேரம் இடது ஃபுல்பேக்காக ஆடியவர் அவர். கோல் பெட்டியிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கோல் கேட்க முடியாது. ஆனால் எதிரணி விங்கர் எப்போது வெட்டுவான், எப்போது ஓடுவான் என்று தடுக்கும் பக்கத்திலிருந்து படிக்கக் கிடைத்த வாய்ப்பு அது. இளம் விங்கரை ஃபுல்பேக்காகவோ நடுக்களத்திலோ போட்டால் ரசிகர்கள் பதறுகிறார்கள். பதறத் தேவையில்லை. நிமிடம் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எண்களை விட முக்கியம் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பது. மாதத்துக்கு இரண்டு ஆட்டமாவது அவரை மட்டும் பாருங்கள். தொலைக்காட்சியில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா பந்தோடு போவதால் பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது விங்கர் திரைக்கு வெளியே போய்விடுவார். அதனால் அவருக்குப் பந்து வருகிற தருணங்களை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து: வெளிப்பக்கமாகத் தாண்டினால் ‘வெ’, உள்ளே வெட்டினால் ‘உ’, பின்னால் கொடுத்தால் ‘பி’, இழந்தால் ‘இ’. எதிரே இரண்டு பேர் நின்றால் எழுத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

நாலைந்து ஆட்டம் கழித்து அந்த எழுத்துகளே பேசும். இடக்கால் ஆட்டக்காரர் வலப்பக்கம் ஆடும்போது ‘உ’ கூடுதலாக இருப்பது இயல்பு. ‘வெ’ சுத்தமாக இல்லையென்றால் ஒரு சீசனுக்குள் எல்லா ஃபுல்பேக்கும் உள்வழியை அடைத்துவிடுவார்கள். சாக்காவைத் தடுப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. கோட்டோரம் போய் வலக்காலால் பந்தைப் பின்னிழுத்துக் கொடுப்பார் என்ற பயம் இருப்பதால் தடுப்பவர் உள்பக்கம் முழுசாகச் சாய முடியாது. வட்டங்கள் கூடிக்கொண்டே போனால் எதிரணிகள் அவரை மதிக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது ‘பி’யும் கூடும். அதைக் குறையாகப் படிக்காதீர்கள். இரண்டு பேரை இழுத்துவைத்து மூன்றாவது ஆளுக்கு இடம் திறந்துவிடுவது விங்கரின் வேலையில் பாதி. பக்கத்தில் வெளியே ஓடும் ஃபுல்பேக்கும் உள்ளே நிற்கும் நடுக்கள ஆட்டக்காரரும் யார் என்றும் குறித்துவையுங்கள். சாக்காவுக்கு பென் வைட்டும் மார்ட்டின் ஓடகார்டும் இருந்த ஆட்டங்களையும் இல்லாத ஆட்டங்களையும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும்.

‘இ’ அதிகம் இருந்தால் எங்கே இழந்தார் என்று பாருங்கள். எதிரணிப் பெட்டி ஓரத்தில் மோதிப்பார்த்து இழப்பது தொழிலின் செலவு. சொந்தப் பாதியில் பந்தை வாங்கித் திரும்பும்போது இழப்பதுதான் ஆபத்து. பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரவைப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

லோன் வந்தால் மூன்று கேள்வி: எந்த டிவிஷன், எந்த இடம், அழைத்த பயிற்சியாளர் இன்னும் இருக்கிறாரா. லோனின் நடுவில் பயிற்சியாளர் மாறினால் இளம் விங்கர்தான் முதலில் வெளியே போவார். கிளப்பை விட்டே போவதும் ஒரு வழி. ஜேடன் சாஞ்சோ 2017இல் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து ஜெர்மனியின் டோர்ட்முண்ட் போனது பெரியவர்கள் ஆட்டத்தில் நிமிடம் தேடித்தான்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது முடியும் வருடம். பன்னிரண்டு மாதத்துக்குள் வந்துவிட்டால் பேரத்தில் கை ஓங்குவது ஆட்டக்காரருக்கு. சாக்கா 2020 ஜூலை 1 அன்று நீண்டகால ஒப்பந்தம் போட்டபோது பழையதில் ஓராண்டுதான் மீதியிருந்தது. 24 வயதுக்குட்பட்டவர் ஒப்பந்தம் முடிந்து வேறு இங்கிலாந்துக் கிளப்புக்குப் போனாலும், பழைய கிளப் புதிய ஒப்பந்தம் தர முன்வந்திருந்தால் பயிற்சி இழப்பீடு உண்டு. ‘இலவசமாகப் போகிறார்’ என்ற தலைப்பைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாகக் காயம். முழு வேகத்தில் ஓடி நின்று திரும்புகிற விங்கருக்குத் தொடைப் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், எப்போதும் கவலைதான். சோர்ந்த தசை சுலபமாகக் கிழியும் என்பதால் தொடர்ச்சியாக எத்தனை ஆட்டம் என்று தனிக் கட்டத்தில் எண்ணுங்கள். சாக்கா இடைவிடாமல் 87 பிரீமியர் லீக் ஆட்டங்களில் இறங்கி, 2023 அக்டோபரில்தான் ஒன்றைத் தவறவிட்டார். 2024 டிசம்பர் 21 அன்று கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் போய், அறுவை சிகிச்சை செய்து, 2025 ஏப்ரல் 1 அன்று ஃபுல்ஹாமுக்கு எதிராக பெஞ்சிலிருந்து இறங்கிக் கோல் போட்டார். மேலே எழுதிய வரிசையின் கடைசி எண் 6 ஆனது இதனால்தான். 16இலிருந்து 6 என்று எழுதினால் சரிவு மாதிரி தெரியும். பக்கத்தில் நிமிடக் கட்டம் இருந்தால் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

காயத்திலிருந்து திரும்பியவருக்கு நோட்டில் புதுப் பக்கம் போடுங்கள். முதல் நான்கைந்து ஆட்டங்களில் கோலைப் பார்க்காமல் நிமிடம் 20, 30, 60 என்று ஏறுகிறதா, ‘வெ’ திரும்ப வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தொடையை நம்பாதவர் கோட்டோரம் முழு வேகத்தில் போக மாட்டார், வாங்கிய பந்தை ‘பி’யிலேயே முடிப்பார். ‘வெ’ பழைய எண்ணிக்கைக்கு வந்த ஆட்டத்திலிருந்து சராசரியை மீண்டும் போடத் தொடங்கலாம்.