ஏரி தன் நேரப்படிதான் நடக்கும்: கரையோர மரவீட்டு விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் முறை ஏரிக்கரை மரவீடு ஒன்றில் தங்கப் போனபோது என் சட்டைப்பையில் ஒரு பட்டியல் இருந்தது. மூன்று நாளில் பதினொரு வேலைகள். படகு ஓட்டுவதற்கு முதல் நாள் பிற்பகல் 3 மணி என்று குறித்து வைத்திருந்தேன். 3 மணிக்குத் துறைக்குப் போனால் ஏரி முழுக்க அலை. காலை 6 மணிக்குக் கண்ணாடிபோல் கிடந்த அதே ஏரிதான். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் இப்படியே ஏரியும் நானும் ஒருவரையொருவர் தவறவிட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த வகை விடுமுறையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதே வேரிலிருந்து முளைப்பவைதான். எப்போது காற்று எழும், எப்போது கொசு வரும், எத்தனை அடியில் தண்ணீர் குளிரத் தொடங்கும் என்று ஏரிக்கு ஒரு கணக்கு உண்டு. அதைப் படிக்காமல், வீட்டிலிருந்து எடுத்துவந்த கணக்கை அதன் தலையில் கட்டுகிறோம். சில தவறுகளால் விடுமுறை சலிப்பாகும், அவ்வளவுதான். சில தவறுகள் உயிருக்கே உலை வைக்கும். இரண்டையும் கலந்தே சொல்கிறேன். அங்கே அவை கலந்தேதான் வருகின்றன.

படத்தைப் பார்த்து வீடு பிடிப்பது

"ஏரியைப் பார்த்த வீடு" என்பது வேறு, "ஏரிக்கரை வீடு" என்பது வேறு. முதல் வகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தார்ச்சாலையே ஓடலாம். படம் எடுத்தவர் அதைப் படத்துக்குள் விடமாட்டார். முன்பதிவுக்கு முன்னால் உரிமையாளரிடம் நாலு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. வாசலிலிருந்து தண்ணீருக்கு எவ்வளவு தூரம், வழி படிக்கட்டா சரிவா? இறங்கும் இடத்தில் காலுக்கடியில் மணலா, சேறா, பாறையா? படகுத்துறை இந்த வீட்டுக்கு மட்டுமா, பலருக்கும் பொதுவா? ஏரியில் மோட்டார் படகு ஓடுமா? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அமைதிக்காகப் போன இடத்தில் நாள் முழுக்க எஞ்சின் இரைச்சல் கேட்டால் அந்த எரிச்சலுக்கு மருந்தில்லை.

நாணல் அடர்ந்த, காற்று எட்டாத வளைவில் இருக்கும் வீடு படத்தில் கொள்ளை அழகாக இருக்கும். தவளையும் நீர்ப்பறவையும் அங்கேதான் அதிகம். கொசுவும் அங்கேதான். காற்று நன்றாகப் படும் முனையில் உள்ள வீட்டில் கொசுத்தொல்லை குறைவு, ஏனென்றால் எதிர்காற்றில் பறக்கும் வலு கொசுவுக்கு இல்லை. அந்திநேரத்தில் திண்ணையில் ஒரு சிறிய மின்விசிறியைச் சுழலவிட்டால் போதும், பூச்சு மருந்துடன் சேர்ந்து நல்ல பலன் தரும். நாணல் பக்கத்து வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அதுதான் விஷயம்.

இன்னொன்று, இரண்டு இரவுக்குப் போவது. முதல் நாள் பயணக் களைப்பில் போய்விடும். இரண்டாம் நாள் முழுக்க, எதையாவது செய்தாக வேண்டும் என்ற பரபரப்பு. மூன்றாம் நாள்தான் உடம்பு ஓய்வுக்குப் பழகும், அன்றைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். மூன்று இரவுக்குக் குறைந்தால் இன்னும் பக்கத்தில் உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஏரியில் ஆழத்தோடு வெப்பநிலையும் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் ஆழமான ஏரியின் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிறது. வெயில் பட்ட மேல்தண்ணீர் சூடாகி, எடை குறைந்து மேலேயே மிதக்கும். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில் என்பதால் குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, சில மீட்டர் இறங்குவதற்குள் வெப்பநிலை சட்டென்று சரிகிற ஒரு அடுக்கு உண்டு. கரையில் முழங்கால் வரை நின்று "தண்ணீர் இதமாக இருக்கிறது" என்று முடிவுகட்டிவிட்டுப் படகிலிருந்து ஆழத்தில் குதிப்பவர் போய்ச் சேர்வது வேறொரு தண்ணீருக்குள்.

காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டைக் கடத்தும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதலில் தாக்குவது மூச்சுத் திணறல். உடல் விறைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் நினைக்காமலேயே நெஞ்சு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. குளிர்நீர்ப் பயிற்சியில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லித் தருகிறார்கள். உறைகுளிர் நீரில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க ஏறத்தாழ 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் நீந்த முயல வேண்டாம். மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும் வரை காத்திருக்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவது இதனால்தான். உயிர்காப்பு மேலங்கியைப் படகில் இருக்கைக்கு அடியில் போட்டுவைப்பது இதே காரணத்தால் பெரிய தவறு. தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டிக்கொள்ள விரல்கள் ஒத்துழைக்காது.

படகுத்துறை நுனியிலிருந்து தலைகீழாகப் பாய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏரியின் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு, மாதத்துக்கு மாதம் மாறும். சென்ற முறை ஆழமாக இருந்த இடத்தில் இந்த முறை இடுப்பளவு தண்ணீர் இருக்கலாம், அடியில் ஒரு மரக்கட்டையும் கிடக்கலாம். முதலில் நடந்து இறங்கிப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு தவறு மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது. கரையில் பெரியவர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு பேரும், மற்ற ஐந்து பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். மூழ்கும் குழந்தை கத்தாது, கையாட்டிக் கூப்பிடாது. மூச்சுக்கே வாய் போதாதபோது குரலுக்கு ஏது இடம்? வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாகப் போகும், உடல் நிமிர்ந்தபடி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவதுபோலவே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். ஆகவே பெயர் சொல்லி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கால் மணியில் அவர் கையில் தொலைபேசியும் இருக்கக்கூடாது, மதுக்கோப்பையும் இருக்கக்கூடாது.

காற்று எந்தப் பக்கம்?

என் 3 மணிப் படகுக்கு என்ன ஆனது என்று இப்போது சொல்லலாம். வெயில் ஏற ஏற நிலம் தண்ணீரைவிட வேகமாகச் சூடாகும். நிலத்துக்கு மேலுள்ள காற்று எழ, அந்த இடத்தை நிரப்ப ஏரியிலிருந்து கரைக்குக் காற்று வரும். பெரிய ஏரிகளில் பிற்பகலில்தான் இது வலுக்கும். இரவில் நிலம் முதலில் ஆறிவிடுவதால் திசை மாறிக் கரையிலிருந்து ஏரிக்குள் வீசும். ஆகவே துடுப்புப் படகுக்கு உகந்தது விடியற்காலை. அலையும் இருக்காது, தண்ணீரின் வெப்பத்துக்கும் காற்றின் குளிருக்கும் நடுவே மூடுபனி எழுந்து நிற்பதையும் பார்க்கலாம்.

போகும்போது எதிர்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிவரட்டும். பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. காற்றோடு சுகமாகப் போய்விட்டுக் கை ஓய்ந்த பிறகு எதிர்காற்றில் திரும்ப முடியாமல் தவிப்பார்கள். காற்றடைத்த மெத்தை, வாத்து வடிவ மிதவை எல்லாம் கரையிலிருந்து வெளியே காற்று வீசும்போது வேண்டவே வேண்டாம். அவை படகல்ல, பாய்மரம். படகு கவிழ்ந்துவிட்டால் அதை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்துவது அடுத்த தவறு. கவிழ்ந்தாலும் படகு பெரும்பாலும் மிதக்கும், தேடி வருபவர் கண்ணில் படுவதும் அதுதான், தலையல்ல.

இடி கேட்டால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்ப இறங்கலாம். ஏரி நடுவே படகில் உட்கார்ந்திருப்பவரைவிட உயரமான பொருள் சுற்றிலும் எதுவும் இல்லை.

அடுப்பும் கணப்பும்

மழை வந்ததும் கரியடுப்பை வீட்டுக்குள் தூக்கி வருவது, கதவை ஒருக்களித்துத் திறந்துவைத்தால் போதும் என்று நினைப்பது: இந்த ஒன்றை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அணைந்ததுபோலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் பயணக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுவோம். வீட்டில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று போனவுடன் பார்த்துவிட வேண்டும்.

வெளியே மூட்டிய தீயை மண் போட்டு மூடினால் அணைந்துவிடாது. மண்ணுக்கடியில் கங்கு உயிரோடு கிடக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் வேலை முடியவில்லை.

ஏரிக்கு நாம் செய்வது

"இயற்கையாக மக்கும் சோப்பு" என்று புட்டியில் எழுதியிருக்கிறதே என்று ஏரியிலேயே தலைக்குக் குளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மக்குவதற்கு மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் வேண்டும். தண்ணீரில் அது சோப்பாகவே சுற்றிவரும். துவைப்பது, பாத்திரம் கழுவுவது எதுவானாலும் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றுவதே முறை.

வாத்துக்கு ரொட்டி போடுவது பாவமில்லாத காரியம்போலத் தோன்றும். நடப்பது என்னவென்றால், பறவைகள் நீங்கள் குளிக்கும் துறையிலேயே குடியேறிவிடும். நீர்ப்பறவைக்கும் நத்தைக்கும் இடையே வாழ்க்கைச் சுழற்சியை நடத்தும் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. அதன் இளம்புழு வழி தவறி மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துப்போகும். நமக்கு மிஞ்சுவது சில நாள் அரிப்பும் தடிப்பும். துறையில் பறவைகள் பெருகினால் அதற்கும் வாய்ப்பு பெருகும். நீரிலிருந்து ஏறியதும் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொள்வது ஓரளவு காக்கும்.

பச்சைச் சாயம் கொட்டியதுபோல, அல்லது பட்டாணிக் கஞ்சிபோலத் தண்ணீர் திரண்டிருந்தால் இறங்காதீர்கள், நாயையும் விடாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. தெளிந்த ஏரித்தண்ணீரையும் அப்படியே குடிக்கக்கூடாது. கிருமிகளைக் கொல்ல 1 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் 3 நிமிடம்.

சொந்தப் படகு கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் தள்ளாடாமலிருக்க அடியில் நிரப்பும் நிலைநீரில் வந்து, 1988இல் வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் கண்டறியப்பட்ட வரிச் சிப்பிகள், பிறகு ஏரி ஏரியாகப் பரவியதில் இழுத்துச்செல்லப்பட்ட சிறு படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் படகைக் கழுவி, உள்ளிருக்கும் தண்ணீரை வடித்து, உலர்த்திவிட வேண்டும்.

விளக்கும் குரலும்

இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். படகுத்துறையில் உட்கார்ந்து மெல்லப் பேசும் குடும்ப ரகசியம் எதிர்க்கரையில் தெளிவாகக் கேட்கும். இதை நான் எதிர்க்கரையில் இருந்து கற்றுக்கொண்டேன். அந்த மாமனாரின் கடன் எவ்வளவு என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

திண்ணை விளக்கை இரவு முழுக்க எரியவிடுவதால் பூச்சி வருவது ஒரு நட்டம். வானம் போவது பெரிய நட்டம். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஒரே ஒரு முறை தொலைபேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்து கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டும். வழி பார்க்க வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு விளக்குப் போதும்.

பெட்டி கட்டும் காலை

கடைசி நாள் காலையில் எல்லா மரவீடுகளிலும் ஒரே காட்சி. காலி செய்ய வேண்டிய நேரம் நெருங்குகிறது, ஈரத்துணி ஒரு பக்கம், சார்ஜர் எங்கே என்ற சண்டை ஒரு பக்கம். அந்த நேரத்தில் வெளியே ஏரி அசையாமல் கிடக்கும், மூடுபனி இன்னும் கலைந்திருக்காது, துறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பெட்டியை முந்தைய இரவே கட்டிவிடுங்கள். துண்டை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.