மில்லிராண்ட்ஜன் மீட்டரை மைக்ரோசீவர்ட்டில் படிப்பது எப்படி
மணலி, எண்ணூர் பக்கம் குழாய் வெல்டிங்கை இரிடியம்-192 (காமா கதிர் விடும் கதிரியக்கப் பொருள்) வைத்துப் படமெடுக்கும்போது, கையில் இருப்பது பழைய சர்வே மீட்டர் (கதிர்வீச்சை அளக்கும் கருவி) என்றால் அது பழைய அலகான மில்லிராண்ட்ஜனில் காட்டும். டோஸ் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு) கணக்கோ மில்லிசீவர்ட்டில், அதாவது 1000 மைக்ரோசீவர்ட்டுக்கு 1. காமாவுக்கு 1 மில்லிராண்ட்ஜனை 10 மைக்ரோசீவர்ட் என்றே எடுங்கள். (உண்மையில் கொஞ்சம் குறையும், கூட்டி எழுதினால் தப்பில்லை.) முள் மணிக்கு 2 காட்டினால் 20 மைக்ரோசீவர்ட், அங்கே 15 நிமிடம் நின்றால் 5. நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். ரேஞ்ச் குமிழையும் பாருங்கள்: பத்து மடங்கில் இருந்தால் அந்த 2 என்பது 20.

கிரே என்பது உடல் உறிஞ்சிய ஆற்றல், கிலோவுக்கு 1 ஜூல். அதைக் கதிர்வீச்சுக் காரணியால் பெருக்கினால் சீவர்ட்: காமா, எக்ஸ்ரேக்கு 1, ஆல்ஃபாவுக்கு 20. பழைய அலகுகளில் 1 கிரே 100 ராட், 1 சீவர்ட் 100 ரெம். தோல் வெந்துபோகிற அளவு டோஸுக்குச் சீவர்ட் பொருந்தாது, அங்கே கிரேயிலேயே சொல்ல வேண்டும்.