டிவியில் படம் நீளாமல், அகலாமல், வெட்டுப்படாமல் தெரிய: ஆஸ்பெக்ட் ரேஷியோ அமைக்கும் முறை

55 இன்ச் டிவி வாங்கிச் சுவரில் மாட்டியாயிற்று. ஓடிடியில் புதுப்படம் ஒன்றைப் போட்டால் மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை. "அவ்வளவு காசு போட்டு வாங்கின டிவில முக்காவாசிதான் தெரியுது" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உடனே இன்னொருவர் ரிமோட்டை வாங்கி செட்டிங்ஸுக்குள் போய் எதையோ மாற்றுவார். திரை நிறைந்துவிடும். ஆனால் கதாநாயகன் ஒட்டடைக் கம்பு மாதிரி நீண்டிருப்பார். இல்லையென்றால் பாட்டில் ஓரமாக ஆடுகிறவர்கள் காணாமல் போயிருப்பார்கள்.

முக்காவாசி என்ற அந்தக் கணக்கு சரிதான். சினிமாஸ்கோப் படம் இன்றைய டிவியில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 74 சதவீதம். அதற்கு டிவியும் காரணமில்லை, ஓடிடியும் காரணமில்லை. படத்தை எடுத்ததே அந்த வடிவத்தில்தான். ஆகவே பட்டையை ஒழிக்கும் வழியை இங்கே தேடாதீர்கள். உருவம் நீண்டாலோ, அகன்றாலோ, தலை வெட்டுப்பட்டாலோதான் கோளாறு. அது எந்த இடத்தில் நடக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். இப்போது கடையில் கிடைக்கும் டிவிகள் 16:9 வடிவம். உயரம் 1 என்றால் அகலம் 1.78. 43 இன்ச் டிவியை இன்ச் டேப்பால் அளந்தால் திரை சுமார் 95 செ.மீ. அகலமும் 53.5 செ.மீ. உயரமும் இருக்கும்.

இந்தத் திரையில் சினிமாஸ்கோப் படம் (2.39:1, பழக்கத்தில் 2.35 என்றும் சொல்வார்கள்) ஓடும்போது படத்தின் உயரம் 40 செ.மீ.தான். மேலே 7, கீழே 7 செ.மீ. கருப்பு. வெப் சீரிஸ்களில் அதிகம் காணப்படும் 2:1 வடிவத்துக்கு மேலும் கீழும் 3 செ.மீ. மட்டும். பழைய கருப்பு வெள்ளைப் படங்களோ 4:3க்கு நெருக்கமானவை. அவற்றுக்கு மேலும் கீழும் பட்டை வராது. இடமும் வலமும் தலா 12 செ.மீ. வரும்.

எந்தப் படத்துக்கு எந்தப் பக்கம் பட்டை வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க ஓர் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஹாலிவுட்டில் சினிமாஸ்கோப் வந்தது 1953இல். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வெளியான 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய தமிழ்ப் படம் திரை முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஓடினால் சந்தேகப்படுங்கள்: யாரோ இழுத்திருக்கிறார்கள், அல்லது வெட்டியிருக்கிறார்கள். 1973க்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய வடிவத்திலேயே நிறையப் படங்கள் வந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

16:9 எங்கிருந்து வந்தது? 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், புழக்கத்தில் இருந்த எல்லாத் திரை வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துத்தான் இதற்கு வந்து சேர்ந்தார். 1.33ஐயும் 2.35ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.77 வரும். இரண்டு கோடிக்கும் நடுவில் நிற்கும் வடிவம் அது. எந்தப் படத்துக்கும் பட்டை அளவுக்கு மீறி வரக்கூடாது என்பதுதான் நோக்கமே. பட்டையே வராது என்று யாரும் சொல்லவில்லை.

படி 1: வட்டம் வட்டமாக இருக்கிறதா?

டிவியிலேயே உள்ள யூடியூப் ஆப்பைத் திறந்து "டெஸ்ட் பேட்டர்ன்" என்று தேடுங்கள். நடுவில் பெரிய வட்டமும் நான்கு ஓரங்களில் அம்புக்குறியோ கோடுகளோ உள்ள ஒரு படத்தைப் போட்டு நிறுத்திவையுங்கள். வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் டேப்பால் அளவெடுங்கள். கண்ணை நம்பவேண்டாம். கொஞ்ச நாள் இழுத்த படத்தையே பார்த்துப் பழகியவர்களுக்குச் சரியான படம்தான் ஒல்லியாகத் தெரியும்.

இரண்டு அளவும் ஒன்றாக இருந்து, ஓரத்து அம்புகளின் முனையும் முழுதாகத் தெரிந்தால் டிவி ஒழுங்காக இருக்கிறது. நேராகப் படி 3க்குப் போகலாம்.

படி 2: டிவி செட்டிங்

வட்டம் முட்டையாக இருந்தாலோ அம்பு முனை வெட்டுப்பட்டாலோ ரிமோட்டில் செட்டிங்ஸ், அதில் பிக்சர் பகுதிக்குப் போங்கள். பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சாம்சங்கில் 'பிக்சர் சைஸ்'. அதில் '16:9 ஸ்டாண்டர்ட்' வைத்து 'ஃபிட் டு ஸ்க்ரீன்' ஆன் செய்யுங்கள். எல்ஜியில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'. '16:9' அல்லது 'ஒரிஜினல்' வைத்து 'ஜஸ்ட் ஸ்கேன்' ஆன் செய்யுங்கள். சோனியில் 'வைட் மோட்'; 'ஃபுல்' வைத்து, டிஸ்ப்ளே ஏரியாவை 'ஃபுல் பிக்சல்' ஆக்குங்கள். மற்ற டிவிகளிலும் இதே பெயர்கள்தான் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

ஜூம், வைட் ஜூம், சினிமா ஜூம், வெர்ட்டிகல் ஜூம் என்று பெயரிட்ட எதையும் நிரந்தரமாக வைக்கவேண்டாம். அவற்றுக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் உண்டு. படி 4இல் வருகிறது.

ஜஸ்ட் ஸ்கேன், ஃபுல் பிக்சல் என்பதெல்லாம் எதற்கு? பழைய பிக்சர் ட்யூப் டிவிகளில் ஓரம் நேராக நிற்காது. அதை மறைக்கப் படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குள் தள்ளிவிடுவார்கள். ஓவர்ஸ்கேன் என்று பெயர். தட்டை டிவிக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் இன்னும் சில டிவிகளின் எச்டிஎம்ஐ இணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பை இணைத்தால் அடியில் டாஸ்க்பார் பாதி மறைகிறதென்றால் இதுதான் காரணம்.

இன்னொரு விஷயம்: பல டிவிகள் இந்த செட்டிங்கை ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கும். எச்டிஎம்ஐ 1இல் சரிசெய்தது எச்டிஎம்ஐ 2க்குப் பொருந்தாமல் போகலாம். டிவியின் சொந்த ஆப்களில் படம் ஓடும்போது இந்த மெனு மங்கலாகி, மாற்ற முடியாமலும் இருக்கலாம். அது பழுதல்ல. வேண்டிய விகிதத்தை ஆப்பே பார்த்துக்கொள்கிறது.

படி 3: படம் எந்த வழியாக வருகிறது?

டிவியின் சொந்த ஆப்பில் பார்ப்பவர்களுக்கு இங்கே வேலை இல்லை. போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ அனுப்புகிறவர்களுக்குத்தான்.

போனில் இரண்டு வழி உண்டு. பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ஆப்புக்குள் இருக்கும் காஸ்ட் பட்டனை அழுத்தினால் போன் அனுப்புவது "இந்தப் படத்தை ஓட்டு" என்ற செய்தியை மட்டும்தான். படத்தை டிவியோ அதில் செருகிய டாங்கிளோ நேரடியாக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். விகிதம் சரியாக இருக்கும், போனில் வேறு வேலையும் பார்க்கலாம். ஸ்க்ரீன் மிரரிங் அப்படி அல்ல. போன் திரையை அப்படியே நகலெடுக்கிறது. இப்போதைய போன்கள் பெரும்பாலும் 20:9 அல்லது அதற்கு நெருக்கம், டிவியைவிட நீளம். அதனால் 16:9 வீடியோ ஒன்றைப் போனில் போட்டால் முதலில் போனிலேயே இருபக்கமும் பட்டை, அதை டிவிக்கு அனுப்பும்போது மேலும் கீழும் இன்னொரு பட்டை. நடுவில் குட்டியாகப் படம். இதைப் பார்த்துவிட்டு டிவியில் ஜூம் போடுவதைவிட, மிரரிங்கை நிறுத்திவிட்டு காஸ்ட் செய்வதே மேல். காஸ்ட் பட்டன் இல்லாத ஆப் என்றால் மிரரிங்தான் கதி. சாம்சங் போனில் ஸ்மார்ட் வியூ செட்டிங்குக்குள் போன் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று ஒன்று இருக்கிறது. அதை டிவி திரையை நிறைக்கும்படி மாற்றிப் பாருங்கள்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் இணைப்பவர்கள் விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்துங்கள். நான்கு தேர்வு வரும். டூப்ளிகேட்டில் இருந்தால் 1920 x 1200 போன்ற 16:10 லேப்டாப் தன் அளவையே டிவியின் மேல் திணிக்கக்கூடும். 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' அல்லது 'எக்ஸ்டெண்ட்' வைத்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் டிவிக்கு 1920 x 1080 (4கே டிவி என்றால் 3840 x 2160) கொடுங்கள். இதைச் செய்தாலே லேப்டாப் இணைப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

படி 4: பழைய படங்கள்

நிஜமான சிக்கல் இங்கேதான். டிவி சரி, போன் சரி, வட்டமும் வட்டமாகவே இருக்கிறது. ஆனால் யூடியூபில் போட்ட பழைய படத்தில் எல்லாருக்கும் முகம் உப்பியிருக்கிறது. வீடியோவை ஏற்றியவரே கெடுத்து ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். மூன்று விதமாகக் கெடுப்பார்கள்; மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, இழுத்தது. 4:3 படத்தை 16:9க்கு இழுத்துவிடுவார்கள். எல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றிருக்கும். வண்டிச் சக்கரமும் நிலாவும் படுத்த முட்டையாகத் தெரியும். இதைச் சரிசெய்ய முடியும்: டிவியில் 4:3 வையுங்கள். இழுத்ததை டிவி அதே அளவு சுருக்கிவிடும், உருவங்கள் பழையபடி ஆகிவிடும். படம் முடிந்ததும் 16:9க்குத் திருப்ப மறக்காதீர்கள்.

இரண்டாவது, நான்கு பக்கமும் கருப்பு. சினிமாஸ்கோப் படத்தைப் பழைய 4:3 டிவிக்காக மேலும் கீழும் பட்டை போட்டுப் பதிவு செய்திருப்பார்கள். அதையே இப்போது 16:9க்குள் வைத்தால் இருபக்கமும் பட்டை சேர்ந்துகொள்ளும். டிவியின் ஜூம் மோடுக்கு வேலை வருவது இங்கேதான். நாலா பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்கும் ஜூமைத் தேர்ந்தெடுத்தால் படம் அகலத்தை நிறைத்துக்கொண்டு சரியாக உட்காரும். தெளிவு குறைவாகத்தான் இருக்கும், ஆனால் உருவம் கெடாது.

மூன்றாவது, வெட்டியது. 4:3 படத்தின் மேலிருந்தும் கீழிருந்தும் மொத்தம் கால்பங்கை நறுக்கிவிட்டுத் திரை நிறைய ஏற்றியிருப்பார்கள். நெற்றிக்கு மேலே ஒன்றும் இருக்காது. நடனத்தில் பாதம் தெரியாது. பரதம் தெரிந்த நடிகையின் காலை நறுக்கிவிட்டு, தலைப்பில் "எச்டி" என்று போடுகிற துணிச்சலை என்னவென்று சொல்ல? இதற்கு எந்த செட்டிங்கும் உதவாது. போனதை டிவியால் வரவழைக்க முடியாது. அதே படத்தின் வேறு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கவாட்டில் பட்டையுள்ள பதிவு கிடைத்தால் அதுதான் முழுப்படமாக இருக்க அதிக வாய்ப்பு.

முதல் இரண்டு வகைக்கும் டிவி ஆப்பில் மெனு மங்கலாகிவிட்டால், அதே வீடியோவை லேப்டாப்பில் ஓட்டி எச்டிஎம்ஐ வழியாக அனுப்புங்கள். அப்போது பெரும்பாலும் மெனு வேலை செய்யும். உங்களிடமே உள்ள பழைய டிவிடி அல்லது ஃபைல் என்றால் விஎல்சி பிளேயர் இன்னும் எளிது. கீபோர்டில் ஏ எழுத்தை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் விகிதம் மாறும். முகம் சரியாகத் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சி எழுத்து ஓரத்தை வெட்டும். நான்கு பக்கக் கருப்புக்கு அது பயன்படும். விஎல்சியில் மாற்றினால் டிவியை 16:9இலேயே விடுங்கள். இரண்டு இடத்தில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று பிறகு தெரியாது.

எப்போதாவது ஜூம் போடலாமா?

2:1 வெப் சீரிஸை ஜூம் செய்தால் அகலத்தில் போவது 11 சதவீதம். சமைத்துக்கொண்டே பார்க்கிற தொடர் என்றால் நான் தடுக்கமாட்டேன். சினிமாஸ்கோப் படத்தில் போவது 26 சதவீதம். இரண்டு பேர் இருகோடியில் நின்று பேசும் காட்சியில் இரண்டு தோள் மட்டும் மிஞ்சும். கீழ்ப் பட்டைக்குள் சப்டைட்டில் வரும் படம் என்றால் அதுவும் திரைக்கு வெளியே போய்விடும். வேண்டாம்.

சில படங்களில் பட்டை வரும், போகும். நோலனின் 'தி டார்க் நைட்' (2008) ப்ளூரேயில் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் மட்டும் திரையை நிறைக்கும். மற்றவை பட்டையோடு வரும். இப்படி மாறினால் ரிமோட்டைத் தேடவேண்டாம்.

பட்டை கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்கு விகிதம் அல்ல, வெளிச்சம்தான் பிரச்சினை. எல்இடி டிவியில் பின்விளக்கு கசிந்து கருப்பு சாம்பலாகத் தெரியும். பிக்சர் மோடை 'விவிட்' அல்லது 'டைனமிக்'கிலிருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' மோடுக்கு மாற்றி, இரவில் பேக்லைட்டைக் குறையுங்கள். 'லோக்கல் டிம்மிங்' (கருப்பான பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்கை மட்டும் மங்கவைக்கும் வசதி) இருந்தால் ஆன் செய்யுங்கள். ஓஎல்இடி டிவியில் கருப்பு என்றால் அந்தப் புள்ளிகள் அணைந்தே இருக்கும் என்பதால் உறுத்தலே இருக்காது. ஆனால் அதில் தினமும் பல மணி நேரம் பக்கப் பட்டையுள்ள பழைய படங்களையே ஓட்டினால் நடுப்பகுதி மட்டும் தேய வாய்ப்புண்டு. இடையிடையே திரை நிறையும் நிகழ்ச்சிகளையும் பாருங்கள். பார்த்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்காமல் ரிமோட்டிலேயே அணையுங்கள். டிவி தன் பிக்சல் சுத்திகரிப்பைச் செய்வது அந்த ஸ்டாண்ட்பை நேரத்தில்தான்.