சோஷியல் மீடியால யார் இருக்காங்க: வயசு விஷயத்துல நாம பண்ற தப்புகள்

ஃபேஸ்புக், யூடியூப் எல்லாம் காலேஜ் பசங்க சமாச்சாரம்னு இன்னமும் பேசுறாங்க பாருங்க, முதல் தப்பு அதுதான். 2004-ல ஹார்வர்டு பசங்களுக்காக ஆரம்பிச்ச ஃபேஸ்புக், 2006 செப்டம்பர்லயே 13 வயசு தாண்டுன யாரு வேணா வரலாம்னு ஆயிடுச்சு. அமெரிக்காவுல பியூ ரிசர்ச் சென்டர் சர்வேல 13-17 வயசு பசங்கள்ல ஃபேஸ்புக் யூஸ் பண்றவங்க 2014-15-ல 71 சதவீதம், 2024-ல வெறும் 32. பசங்க இடத்தை காலி பண்ணிட்டாங்க, பெரியவங்க அங்கேயேதான் இருக்காங்க.

பெரியவங்கன்னா சும்மா குட்மார்னிங் ஃபார்வர்டு பண்ணிட்டு இருப்பாங்கன்னு நினைக்கிறதும் தப்பு. வில்லேஜ் குக்கிங் சேனல்ல பேரனுங்களோட நின்னு சமைக்கிற பெரியதம்பி தாத்தாவை பாக்காதவங்க இருக்கீங்களா? 2021-லயே அந்த சேனலுக்கு 1 கோடி சப்ஸ்க்ரைபர்ஸ்!

அடுத்தது, ப்ரொஃபைல்ல இருக்குற பிறந்த தேதியை நம்புறது. ஜனவரி 1 அன்னைக்கு உங்க லிஸ்ட்ல எத்தனை பேருக்கு பர்த்டேன்னு காட்டுதுன்னு பாருங்க, செல்போன் கடையில அக்கவுண்ட் ஓபன் பண்ணிக் குடுக்கும்போது கைக்கு வந்த தேதிய போட்டு விட்டிருப்பாங்க. அஞ்சாவது படிக்கிற பொண்ணு 2001-ல பொறந்தேன்னு போட்டுட்டு ஈஸியா உள்ள வந்துரும். இன்னும் சில வீட்ல அக்கவுண்ட் அப்பா பேர்ல, சாயங்காலம் ஆனா ரீல்ஸ் தள்ளுறது பையன், இதுல ஆப்புக்கு யார் வயசு தெரியும் சொல்லுங்க. நம்ம 2023 டேட்டா பாதுகாப்பு சட்டம் 18 வயசுக்குள்ள இருந்தா குழந்தைன்னுதான் சொல்லுது, ஆனா ப்ரொஃபைல்ல இருக்குற வயசே பொய்யா இருந்தா யாரு குழந்தைன்னு எப்படி தெரியும்?

எனக்கு ரொம்ப கவலையா இருக்குறது கடைசி தப்பு. ஆன்லைன் பாதுகாப்பு பத்தி ஸ்கூல்லயும் காலேஜ்லயும் மட்டும் கிளாஸ் எடுக்குறோம், ரிட்டயர் ஆனவங்களுக்கு யாரு சொல்லித் தர்றா? போலீஸ் யூனிஃபார்ம்ல ஒருத்தன் வீடியோ கால்ல வந்து உங்க மேல கேஸ் இருக்கு, ஃபோன கட் பண்ணாதீங்கன்னு மிரட்டி பென்ஷன் பணத்தை உருவிட்டு போறான், இதுக்கு டிஜிட்டல் அரெஸ்ட்னு பேர் வேற, அப்படி நம்ம சட்டத்துல ஒண்ணும் கிடையாது. அம்மாகிட்ட "உனக்கு இதெல்லாம் புரியாது"ன்னு சொல்லாம பக்கத்துல உக்காந்து டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்குற பூட்டு) போட்டு விடுங்க, பணம் போச்சுன்னா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு கால் பண்ணணும்னு சொல்லி அந்த நம்பரை அவங்க ஃபோன்லயே சேவ் பண்ணிக் குடுங்க, ஏமாந்துட்டாலும் திட்டாதீங்க, திட்டுவாங்கன்னு பயந்துதான் பாதி பேர் வெளியவே சொல்றதில்ல.