வீட்டில் புல்கோகி

புல்கோகி என்பது மெல்லிசாகச் சீவி, ஊறவைத்து வதக்கும் கொரியக் கறி. இதற்கு மாட்டுக்கறியில் முதுகுப் பகுதி, லேசான கொழுப்போடு, அரைக் கிலோ வாங்குங்கள். ஃப்ரீசரில் வைத்து, பாதி உறைந்ததும் நாருக்குக் குறுக்காகக் காகிதம் போல மெல்லிசாகச் சீவ வேண்டும். பாதிச் சமையல் இதில்தான் இருக்கிறது; தடித்த துண்டு என்றால் நான் தொடவே மாட்டேன்.

ஊறவைக்க 4 மேசைக்கரண்டி சோயா சாஸ், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள், நறுக்கிய வெங்காயம், பாதி கொரியப் பேரிக்காய் துருவியது. பேரிக்காய் கறியை மிருதுவாக்கும். கிடைக்கவில்லையா, கிவி ஒரு மேசைக்கரண்டி போதும். அது ரொம்ப வேகம். நேரம் கூடினால் கறி குழைந்துவிடும். கடைசியில் எள்ளெண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெய் இங்கே சரிவராது. வறுத்த எள்ளில் எடுத்த பழுப்பு நிறக் கொரிய எண்ணெய்க்குத்தான் அந்த வாசனை.

ஒரு மணி நேரம் ஊறட்டும். அப்புறம் இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வதக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகுமே தவிர, ஓரம் சிவக்காது.

லெட்யூஸ் இலையில் சோறு, கறி, பூண்டுச் சீவல், துளி சம்ஜாங் (சோயாவும் மிளகாயும் சேர்ந்த கொரிய விழுது) வைத்து மடித்து ஒரே வாயாகப் போடுங்கள். கொரியர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள். இரண்டாகக் கடித்தால் சாறு முழங்கை வரை வழியும்.